நகரொழிப்பும் கட்டாய ஊழியமும்



மனிதன் ஊர் அமைத்து வாழத் தொடங்கிய நாள் முதலாக ஊர்கள் பாழாகியும் வந்துள்ளன. கடல் கொண்ட பட்டினங்களைப் பற்றி நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஆறு திசை மாறியதால் ஒழிந்த ஊர்கள், மழை பொய்த்ததால் ஒழிந்த ஊர்கள், கொள்ளைநோயால் ஒழிந்த ஊர்கள் ஆகியவற்றையும் வரலாறு காட்டுகின்றது. இவற்றோடு சென்ற நூற்றாண்டு புதிய வகையொன்றைச் சேர்த்தது. கடலும் கொள்ளவில்லை; நோயும் தீண்டவில்லை. வீடுகள் நின்றபடியே நிற்க, ஒலிபெருக்கியில் வந்த ஒரு கட்டளையினால் ஒரு நகரம் முழுவதும் வெறுமையாயிற்று. வெளியேறிய மக்களின் கைகளில் பின்னர் மண்வெட்டியும் கூடையும் கொடுக்கப்பட்டன. நகரை ஒழித்தலும் ஊழியம் வாங்குதலும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன.

இவ்விரண்டும் வன்னிப் பெருநிலத்தில் எவ்வாறு நிகழ்ந்தன என்பதே இன்றைய பேச்சின் பொருள். முதலில் வன்னியின் பழைய ஊழிய முறையைச் சிறிது நோக்குவோம். பின்னர், இக்கொடுமை தன் முழு வடிவத்தையும் காட்டிய கம்போடியாவுக்குச் சென்று, அங்கே நீதிமன்றமொன்று வகுத்துத் தந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மீண்டும் வன்னிக்கு வருவோம்.

யானையிறவுக்குத் தெற்கே வவுனியா வரை விரிந்து கிடக்கும் வன்னி, குளங்களின் நாடு. கனகராயனாறு, பாலியாறு, பறங்கியாறு என்பன மாரியில் ஓடிக் கோடையில் வறளும் ஆறுகள். ஆதலால் இங்கு வாழ்வு என்பது, பெய்த மழையைத் தேக்கி வைக்கும் குளக்கட்டின் வலிமையைப் பொறுத்தது. கட்டு உடைந்தால் காலபோகம் போயிற்று. துருசு பழுதானால் சிறுபோகம் இல்லை. இதனை அறிந்த கிராமத்தார், மழைக்கு முன்னர் ஒன்றுகூடித் தத்தம் வயலின் அளவுக்கு ஏற்பக் கட்டின் ஒவ்வொரு பகுதியையும் ஏற்று மண் போட்டுத் திருத்தினர். இதுவும் ஒரு வகையில் விலக்க முடியாத வேலைதான். எனினும், மண் சுமந்தவனுடைய வயலுக்கே அந்த நீர் பாய்ந்தது.

இதற்கு மேலாக அரசனுக்கும் தலைவனுக்கும் செய்ய வேண்டிய ஊழியம் ஒன்று இருந்தது. இலங்கையில் அதற்கு இராசகாரியம் என்று பெயர். மன்னர்கள் வாங்கிய அவ்வூழியத்தைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தத்தம் நன்மைக்கென வாங்கினர். வன்னித் தலைவர்களிடம் யானைகளைத் திறையாகப் பெற்றபோது, அந்த யானைகளைக் காட்டில் பிடித்தோர் குடிகளே என்பதை நாம் மறத்தலாகாது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையை ஏற்று 1832ஆம் ஆண்டு இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அது நற்செயலே. ஆனால், குளம் திருத்தும் பழைய கட்டுப்பாடும் அதனோடு தளர்ந்தமையால் பல குளங்கள் கவனிப்பாரற்றுப் போயின. பின்னர் 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டத்தின் வாயிலாகக் கிராம வழக்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த வேறுபாட்டை உலகமும் பின்னாளில் ஏற்றுக்கொண்டது. சர்வதேசத் தொழிலாளர் தாபனம் 1930ஆம் ஆண்டில் இயற்றிய கட்டாய ஊழிய உடன்படிக்கை, தண்டனைக்கு அஞ்சி, தானாக முன்வராத ஒருவர் செய்யும் வேலையைக் கட்டாய ஊழியம் என வரையறுத்தது. இலங்கை அதனை 1950ஆம் ஆண்டு ஏற்றது. தங்கள் ஊரின் நன்மைக்காக ஊரவர் செய்யும் சிறு பொதுப்பணிகளை அவ்வுடன்படிக்கை விலக்கி வைக்கின்றது. ஆயினும், அப்பணி வேண்டுமா என்பது பற்றி அவ்வூரவர் கருத்துரைக்க உரிமை பெற்றிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை அது விதித்துள்ளது. வன்னிக் கிராமத்தார் ஒன்றுகூடிக் கட்டுத் திருத்தியதற்கும் அரசன் ஆள்பிடித்ததற்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு இதுவே.

இனி, கம்போடியா செல்வோம். அதுவும் குளங்களின் நாடே. அங்கோர் நகரத்து மன்னர்கள் வெட்டிய பெருங்குளங்களுள் ஒன்றாகிய மேற்குப் பாரை ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமுடையது. அந்தப் பழம்பெருமையின் மீது புதியதோர் உலகைக் கட்டி எழுப்பப் போவதாகப் பொல் பொட் தலைமையிலான செங்கெமர் இயக்கத்தார் எண்ணினர். அவர்கள் தம்மைப் பொதுவுடைமைப் புரட்சியாளர் என்றனர். நகரம் என்பது சுரண்டலின் இருப்பிடம் என்பதும், நெல் வயலே புரட்சியின் நிலம் என்பதும் அவர்கள் கொள்கை.

1975ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் அவர்கள் தலைநகராகிய புனோம் பென்னுள் நுழைந்தனர். போரினால் இடம்பெயர்ந்து வந்தோரும் சேர்ந்து அப்போது அங்கே ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் இருந்தனர். அன்றே வெளியேறுமாறு கட்டளை பிறந்தது. அமெரிக்க விமானங்கள் குண்டு வீசப் போகின்றன என்றும், இரண்டு மூன்று நாட்களில் திரும்பி வரலாம் என்றும் மக்களுக்குச் சொல்லப்பட்டது. மருத்துவமனைகளில் கிடந்த நோயாளரும் காயப்பட்டோரும் விலக்களிக்கப்படவில்லை. கட்டிலோடு தள்ளிச் செல்லப்பட்டோரும் உண்டு. ஏப்பிரல் மாதம் அங்கே கடுங்கோடை. வழியில் வீழ்ந்தோர் வீழ்ந்த இடத்திலேயே விடப்பட்டனர். சில நாட்களில் நகரம் வெறுமையாயிற்று. திரும்பி வரும் நாள் மட்டும் மூன்றாண்டு எட்டு மாதங்களாகியும் வரவில்லை.

வெளியேற்றப்பட்டோருக்குப் புதிய மக்கள் என்று பெயரிட்டனர். நாணயம் ஒழிக்கப்பட்டது, சந்தை மூடப்பட்டது, பாடசாலை, ஆலயம், தபால் யாவும் நின்றன. மக்கள் கூட்டுறவு முகாம்களில் அடைக்கப்பட்டு அணை கட்டவும் வாய்க்கால் வெட்டவும் ஏவப்பட்டனர். ஏக்கர் இரண்டரை கொண்ட ஒரு ஹெக்டேயரில் மூன்று தொன் நெல் விளைய வேண்டும் என்பது கட்டளை. திராப்பியங் திமா என்னும் பெருங்குளத்தில் ஆளொருவர் நாளொன்றுக்கு இத்தனை கனமீற்றர் மண் வெட்ட வேண்டும் என அளவு விதிக்கப்பட்டது. பொழுது புலருமுன் தொடங்கும் வேலைக்கு இரு வேளைக் கஞ்சி கூலி. அக்கஞ்சியும் நாளடைவில் நீராயிற்று. விளைந்த நெல்லோ மேலிடத்துக் களஞ்சியங்களுக்குச் சென்றது. பொறியியல் அறிந்தோர் பகைவர் எனக் கருதப்பட்டமையால் அவர்கள் கட்டிய அணைகள் சில முதல் வெள்ளத்திலேயே உடைந்தன. 1979ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் வியட்நாமியப் படை புனோம் பென்னைக் கைப்பற்றியபோது, ஏறத்தாழ 80 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் 15 முதல் 20 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் வேலையாலும் கொலையாலும் மாண்டிருந்தனர்.

பல ஆண்டுகள் கழித்து, ஐக்கிய நாடுகள் அவையின் துணையோடு அமைந்த சிறப்பு நீதிமன்றத்தில் இவ்வழக்கு எடுபட்டது. 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், நகரை ஒழித்த குற்றத்துக்காகத் தலைவர்களாகிய நுவன் சியா, கியூ சம்பான் ஆகிய இருவருக்கும் ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு வழங்கப்பட்ட மற்றொரு தீர்ப்பில் அணைக்கட்டுகளில் நிகழ்ந்த அடிமை ஊழியமும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமெனக் கொள்ளப்பட்டது. உணவு தட்டுப்பட்டது, குண்டு விழும் என அஞ்சினோம் என்ற சமாதானங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆபத்தான இடத்திலிருந்து மக்களை அகற்றுதல் எப்போதும் குற்றமாகுமோ என நேயர்கள் வினவலாம். ஆகாது. 1977ஆம் ஆண்டு ஜெனீவா நெறிமுறை, மக்களின் பாதுகாப்புக்காகவோ தவிர்க்கவொண்ணாத படைத்தேவைக்காகவோ அகற்றலாம் என்கின்றது. அவ்வாறு அகற்றுவோர் உறைவிடமும் உணவும் நலமும் அளிக்க இயன்றதனைத்தும் செய்தல் வேண்டும். ஆபத்து நீங்கியதும் மக்கள் திரும்பச் செல்ல வழிவிடல் வேண்டும் என்பதும் நீதிமன்றங்கள் கொண்ட நெறி. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மறுத்து நிற்க ஒருவனுக்கு இடமிருந்ததா? திரும்பி வரும் வழி திறந்திருந்ததா? அவன் சிந்திய வியர்வையின் பயனை உண்டவர் யார்? இம்மூன்று கேள்விகளோடு வன்னிக்குத் திரும்புவோம்.

வன்னிக்கு மக்கள் வந்த வழி ஒரு காலத்தில் மகிழ்ச்சியான வழியாயிருந்தது. கனகராயனாற்றை மறித்து இரணைமடுக்குளம் எழுந்த பின்னர், 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் நிலமின்றி நெருக்குண்ட குடும்பங்கள் காடு வெட்டி, மலேரியாவோடு போராடி, வயல் கண்டன. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளரும் வவுனியாப் பகுதியில் குடியேறினர்; அவர்களை நிலைபெறச் செய்யக் காந்தீயம் இயக்கம் உழைத்தது. இவர்களும் இழப்போடு வந்தவரே. எனினும் மண் வெட்டியது தம் காணியில்.

பின்பு கட்டளைகள் தொடங்கின. முதலிற் கட்டளையிட்டது அரசின் படை. 1984ஆம் ஆண்டு டிசெம்பரில் முல்லைத்தீவின் தென்கரையிலுள்ள கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மணலாற்றுப் பகுதி வேறு குடியேற்றமாயிற்று. அவ்வூரவர் தம் மண்ணை மிதிக்கக் கால் நூற்றாண்டு காத்திருந்தனர்.

அடுத்துக் கட்டளையிட்டோர் தமிழீழ விடுதலைப் புலிகள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் யாவரும் வெளியேற வேண்டுமென அவர்கள் பணித்தனர். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் முதலிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, வயல் செய்து, கடல் தொழில் செய்து வாழ்ந்தோர் அவர்கள். யாழ்ப்பாண நகரில் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட தவணை இரண்டு மணி நேரம். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு நீங்கினர். அவர்களுட் பெரும்பாலார் தங்கிய புத்தளத்தில் புதியதொரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது. அன்று எஞ்சியிருந்த நம்மவர் பலர் வாய் திறக்கவில்லை. சிலர் திறக்க அஞ்சினர்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் அதே யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கிகள் மீண்டும் முழங்கின. அரசபடை வலிகாமத்தில் முன்னேறிக் கொண்டிருந்தது. வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனடியாகத் தென்மராட்சிக்கும் அப்பாலும் செல்ல வேண்டும் என்பதே அறிவிப்பு. நாற்பது இலட்சமல்ல, நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர்தாம். ஆனால் அவர்கள் செல்ல இருந்த முக்கிய வழி செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமுமே. அன்றிரவு மழை. முதியோரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளியோர், குழந்தையைத் தோளிலும் அரிசி மூட்டையைத் தலையிலும் சுமந்தோர், ஆட்டுக்குட்டியைக் கையில் பிடித்தோர் என ஒரே நெரிசலாய் மக்கள் அடி அடியாக நகர்ந்தனர். ஓரிரு கல் தூரம் கடக்க இரவு முழுவதும் சென்றது. டிசெம்பர் தொடக்கத்தில் படையினர் நுழைந்தபோது அந்நகரில் நடமாட்டம் ஏறக்குறைய இல்லை.

இந்நிகழ்ச்சியை நாம் நேர்மையாக எடைபோடல் வேண்டும். மக்களுக்கு அச்சம் இல்லாமல் இல்லை. அவ்வாண்டு யூலை 9ஆம் நாள், நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தோர் மீது அரசின் விமானம் குண்டு வீசியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். கட்டளை இல்லாதிருந்தாலும் பலர் தாமாகவே சென்றிருப்பர். ஆனால் இருக்க விரும்பியவர்க்கு இருக்க உரிமை இருந்ததா என்பதே கேள்வி. அதற்கு விடை அடுத்த ஆண்டில் கிடைத்தது. 1996ஆம் ஆண்டு ஏப்பிரலில் படையினர் தென்மராட்சியை அடைந்தனர். வன்னிக்கு வருமாறு புலிகள் அழைத்தும், இடம்பெயர்ந்தோருட் பெரும்பகுதியினர் வலிகாமத்துக்கே திரும்பி நடந்தனர். யாரும் வாய்விட்டு உரைக்காத கருத்தைக் கால்கள் உரைத்தன. மற்றையோர் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்குச் சென்றனர். அங்கே கிடுகுக் கொட்டில்களிலும் தறப்பாளின் கீழும் வாழ்வு. மலேரியாவும் உணவு மருந்துத் தட்டுப்பாடும் அவர்களை வாட்டின. அவ்வாண்டு செப்டெம்பரில் கிளிநொச்சியும் படையிடம் வீழ, அவ்வூரவரும் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி எனச் சிதறினர்.

வன்னியை விட்டு வெளியே செல்லப் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். சென்றவர் திரும்பாவிடில் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். போர் மீண்டும் முற்றியபோது, வீட்டுக்கு ஒருவர் என்ற விதி வந்தது. பின்னர் ஒருவர் போதாதென்றாயிற்று. போராட அனுப்பப்படாதோரும் பதுங்குகுழி வெட்டவும் மண்ணரண் எழுப்பவும் ஏவப்பட்டனர். வயலில் இறங்க வேண்டிய கைகள் அரண் கட்டின. குளக்கட்டுக்கு மண் போட்ட மக்கள், தாங்கள் வெளியேற முடியாதபடி தம்மைச் சூழ்ந்த அரணுக்கும் மண் போட்டனர் என்பது வன்னி வரலாற்றின் மிகக் கசப்பான செய்தி.

2008ஆம் ஆண்டு செப்டெம்பரில், அரசின் பணிப்பின்படி, ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு நீங்கின. போகவேண்டாம் எனக் கேட்டு மக்கள் வாயிலில் நின்றதை உலகம் கண்டது. 2009ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி படையிடம் வீழ்ந்தபோது அதுவும் வெறுமையான நகரம். நெடுஞ்சாலையோரத்தில் பெரிய நீர்த்தாங்கி சாய்ந்து கிடந்தது. மக்களோ தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கே தள்ளப்பட்டு, முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில் அடைபட்டனர். பாதுகாப்பு வலயமென அரசே அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் எறிகணைகள் விழுந்தன. தப்பிச் செல்ல முயன்றோரைப் புலிகள் தடுத்தனர், சுட்டதும் உண்டு. இரு தரப்பும் செய்தவற்றை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011ஆம் ஆண்டில் பதிவு செய்தது. இறந்தோர் 40,000 வரை இருக்கலாம் எனவும் கூறியது.

மே மாதத்தில் போர் முடிந்தது, அடைப்பு முடியவில்லை. ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாமிலும் பிற முகாம்களிலும் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். மெனிக் பாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக அங்கிருந்தோர் கேப்பாப்புலவு மக்கள். அவர்களும் சொந்த ஊருக்குச் செல்லவில்லை. ஊர் படைமுகாமாகியிருந்ததால், சீனியாமோட்டை என்னும் காட்டுப்பகுதியில் இறக்கப்பட்டனர். 2017ஆம் ஆண்டில் தம் காணிகளின் முன்னே மாதக்கணக்கில் அமர்ந்து அவர்கள் போராடியதை நேயர்கள் அறிவர்.

வன்னியும் கம்போடியாவும் ஒன்றென யான் கூறவில்லை. கம்போடியாவில் கொள்கைக்காகவே நகரம் ஒழிக்கப்பட்டது; இங்கே போர் நடந்துகொண்டிருந்தது. அளவும் வேறு, நோக்கும் வேறு. எனினும் நம் மூன்று கேள்விகளுக்கும் வரும் விடைகளை அடுக்கிப் பாருங்கள். கொக்கிளாயில் மறுக்க இடமில்லை. 1990இல் முஸ்லிம் மக்களுக்கு இடமில்லை. 1995இல் வலிகாமத்தாருக்கு இடமில்லை. மெனிக் பாமிலும் இல்லை. திரும்பும் வழியை ஒவ்வொரு முறையும் ஆண்டுகள் அடைத்தன. அரணுக்குச் சிந்திய வியர்வையால் எந்த வயலும் விளையவில்லை. கட்டளையிட்டோர் கொடிகள் வேறு. அவர்கள் மக்களை எண்ணிய விதம் ஒன்று. மக்கள் ஒரு நிலத்துக்கு உரியவர் என்பதை மறந்து, எடுத்து வேறிடத்தில் வைக்கத்தக்க உடைமை என்று அவர்கள் எண்ணினர்.

ஆகவே, நம்மவர் இட்ட கட்டளை என்பதற்காக ஒன்றை மன்னிப்பதும், பிறர் இட்டது என்பதற்காக மற்றொன்றைக் கண்டிப்பதும் வரலாற்றுக்கு உகந்ததன்று. அவ்வாறு செய்வோமாயின், 1990இல் பேசாதிருந்த வாய் 1995இல் பேசத் தகுதியற்றுப் போனதைப் போல, நாளையும் நாம் வாயிழந்து நிற்போம்.

இன்று இரணைமடு மீண்டும் நிறைகின்றது. வான்கதவு திறக்கும் நாளில் மக்கள் கூடிப் பார்க்கின்றனர். மாரிக்கு முன் விவசாயிகள் கூடி, எந்த வாய்க்காலை யார் திருத்துவது, எத்தனை ஏக்கர் விதைப்பது என விவாதிக்கின்றனர். சில சமயம் அங்கே சச்சரவும் எழும். எழட்டும். மாட்டேன் என்று ஒருவன் எழுந்து சொல்லக்கூடிய கூட்டத்தில், செய்வோம் என்று மற்றவர் ஏற்கும் வேலையே ஊர்ப்பணி. அந்தக் குரல் ஒலிக்கும் வரை வன்னி மக்களின் ஊர். அது அடங்கிய அன்று, வீடுகள் நிறைந்திருப்பினும் வெறும் நகரம்.